வெட்டுவதா, விட்டுவைப்பதா? – ஒரு கோட்டையின் செர்ரி மரங்கள் சொல்லும் வரலாறு



திருக்குர்ஆனின் 59ஆவது அத்தியாயமான சூரத்துல் ஹஷ்ரைப் பாடமாக நடத்தும்போது, அதன் ஐந்தாவது வசனத்தில் மாணவர்கள் சற்று நின்றுவிடுவது வழக்கம். ஹிஜ்ரி 4ஆம் ஆண்டு மதீனாவில் பனூ நளீர் கோத்திரத்தார் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில், அவர்களுடைய பேரீச்ச மரங்களுள் சில வெட்டப்பட்டன, சில விடப்பட்டன. வெட்டிய ஸஹாபாக்களின் உள்ளத்திலும் உறுத்தல். வெட்டாமல் கைகட்டி நின்றவர்களின் உள்ளத்திலும் ஐயம். அப்போது இறங்கிய அவ்வசனம், வெட்டப்பட்டதும் வேரோடு நிற்க விடப்பட்டதும் ஆகிய இரண்டுமே அல்லாஹ்வின் அனுமதியோடு நிகழ்ந்தவையே என்று இரு சாராரின் மனச்சுமையையும் இறக்கி வைத்தது.

சென்ற ஆண்டு இப்பாடத்தின்போது மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், வெட்டியவர்களும் சரி, விட்டவர்களும் சரி என்றால், மரத்தின் விஷயத்தில் தவறு செய்தவர் என்று யாரைத்தான் சொல்வது?" என்று கேட்டார். போர்க்கால நிகழ்வு ஒன்றிலிருந்து எழுந்த கேள்விதான். ஆனால் அது போரோடு முடிந்துபோகும் கேள்வியன்று. நம் வீட்டு முற்றத்திலும் பள்ளிவாசல் வளாகத்திலும் ஒரு மரத்தின் முன் அரிவாளோடு நிற்கும் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி அது. அதற்கு விடை தேடியபோது, தஃப்ஸீர் நூல்களுடன், ஜப்பானின் வடபகுதியில் உள்ள ஒரு கோட்டையின் வரலாறும் நமக்குப் பெரிதும் துணை நின்றது. அவ்வரலாற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கின்றோம்.

வெட்ட அஞ்சப்படும் மரம்

ஜப்பானியர் அழகுக்காக வளர்க்கும் செர்ரி மரத்தை 'சக்குரா' என்பர். நாம் கடைகளில் காணும் செர்ரிப் பழத்தைத் தரும் மரத்திற்கு இது உறவுதான். ஆயினும் இது பழத்திற்காக வளர்க்கப்படுவதன்று. வசந்தத்தில் இலை விரிவதற்கு முன்பே மரம் முழுவதும் பூத்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும் பூவுக்காகவே வளர்க்கப்படுவது. அந்நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. செர்ரியை வெட்டுபவன் மூடன், பிளம் இனத்தைச் சேர்ந்த ஊமே மரத்தை வெட்டாதவன் மூடன் என்பது அதன் கருத்து.

பழமொழி வெறும் பேச்சன்று. அதற்குக் காரணம் உண்டு. ஊமே மரம் கவாத்துச் செய்யச் செய்யப் புதுத் தளிர் விட்டுச் செழித்துப் பூக்கும். செர்ரியோ வெட்டுக்காயத்தை எளிதில் மூடிக்கொள்ளும் மரமன்று. பெரிய கிளையை அறுத்த இடம் திறந்தே கிடக்கும். மழைநீர் அதில் தேங்கும். பூஞ்சை உள்ளே புகும். வெளியே பட்டை நலமாகத் தோன்ற, உள்ளே மரம் மெல்ல மெல்ல இற்றுப் பொந்தாகிவிடும். எனவே தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர்கள் செர்ரியின் மீது அரிவாள் வைக்கத் தயங்கினர். அத்தயக்கம் அறிவின் விளைவே. அறியாமையின் விளைவு அன்று. இதனை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கோட்டைக்குள் வந்த மரங்கள்

ஜப்பானின் முதன்மைத் தீவாகிய ஹொன்ஷுவின் வடமுனையில் அவோமோரி மாநிலம் உள்ளது. அங்குள்ள ஹிரோசாகி நகரில் ட்சுகாரு குலத் தலைவர்கள் 1611இல் ஒரு கோட்டையைக் கட்டி முடித்தனர். 1715இல் அக்குலத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி கியோத்தோவிலிருந்து 25 செர்ரிக் கன்றுகளைக் கொண்டுவந்து கோட்டைக்குள் நட்டார் என்பது நகரின் வரலாறு. ஆனால் இன்று அங்கு நாம் காணும் பெருந்தோப்பின் கதை அதற்கு 167 ஆண்டுகளுக்குப் பின்னரே தொடங்குகிறது.

1868இல் ஜப்பானில் ஆட்சி மாறியது. 1871இல் குலத் தலைவர்களின் ஆட்சிப்பகுதிகள் கலைக்கப்பட்டன. வாளேந்தி வாழ்ந்த சாமுராய் வீரர்கள் ஊதியமும் உரிமையும் இழந்து நின்றனர். ஹிரோசாகியின் முன்னாள் சாமுராய்களுள் ஒருவர் கிகுச்சி ததேயே. 1875இல் ஜப்பானிய அரசு மேலைநாட்டு ஆப்பிள் கன்றுகளை அவோமோரிக்கு அனுப்பியபோது, வாழ்விழந்த தம் மக்களுக்கு இம்மரம் வாழ்வளிக்கும் என்று அவர் கண்டுகொண்டார். கடல் கடந்து ஹொக்கைடோ தீவுக்குச் சென்று, நனாயே என்னும் ஊரிலிருந்த அரசுப் பண்ணையில் ஒட்டுக்கட்டுதல் முதலிய பழமர வளர்ப்பு முறைகளைக் கற்று வந்தார். இன்று ஜப்பானில் விளையும் ஆப்பிளில் பாதிக்கு மேற்பட்டது அவோமோரியில் விளைகிறது. அந்த ஆப்பிள் வேளாண்மைக்கு அடித்தளம் இட்டவர்களுள் அவர் முதன்மையானவர்.

அதே கிகுச்சிதான் 1882இல், ஆளின்றிப் பாழடைந்து கிடந்த கோட்டைக்குள் 1,000 செர்ரிக் கன்றுகளை நட்டார். அவை சொமேய் யோஷினோ என்னும் வகையைச் சேர்ந்தவை. அவருக்கு நன்றி கிடைக்கவில்லை. மாறாக எதிர்ப்பே எழுந்தது. முன்னாள் சாமுராய்கள் சிலர், நம் தலைவரின் கோட்டையைப் பூப்பார்த்துக் களிக்கும் இடமாக்குவதா என்று வெகுண்டு, கன்றுகள் பலவற்றைப் பிடுங்கி எறிந்தனர், முறித்துப் போட்டனர்.

அவர்களை நாம் எளிதில் பழித்துவிடலாகாது. வாளும் பட்டமும் பறிபோன பின்னர் அவர்களிடம் எஞ்சியிருந்தது அக்கோட்டையின் மானம் ஒன்றே. அதைக் காப்பதாக எண்ணியே அவர்கள் கன்றுகளைப் பிடுங்கினர். ஆனால் அவர்கள் மரத்தைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. தம் மனக்காயத்தைப் பார்த்து முடிவெடுத்தனர். பிழை அங்கேதான் நுழைந்தது.

கோட்டை 1895இல் பொதுமக்களுக்கான பூங்காவாகத் திறக்கப்பட்டது. பின்னர் மேலும் பல முறை கன்றுகள் நடப்பட்டன. பிடுங்கியவர்களின் கைக்குத் தப்பிய 1882ஆம் ஆண்டு மரங்களுள் சில இன்றும் நிற்கின்றன. 140 ஆண்டுகளைக் கடந்துவிட்ட அவற்றுள் ஒன்று, ஜப்பானில் உள்ள மிகப் பழைய சொமேய் யோஷினோ மரங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

அறுபது ஆண்டுக் கணக்கு

சொமேய் யோஷினோ விதையிலிருந்து அதே குணத்தோடு முளைப்பதில்லை. ஒரு மரத்தின் குச்சியை வேறொரு செர்ரியின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டியே அது பெருக்கப்படுகிறது. எனவே நாடெங்கும் உள்ள இலட்சக்கணக்கான மரங்களும் உண்மையில் ஒரே மரத்தின் பிரதிகளே. அவை ஒன்றாகப் பூக்கின்றன. ஒன்றுக்கு உள்ள பலவீனம் அனைத்திற்கும் உண்டு. இவ்வகையின் ஆயுள் ஏறத்தாழ 60 ஆண்டுகள் என்பது ஜப்பானில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

அக்கணக்கின்படி பார்த்தால், கிகுச்சி நட்ட மரங்கள் 1940களிலேயே முதுமையடைந்துவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பூங்காவின் பொறுப்பாளர்கள் முன் நின்ற கேள்வி எளியதன்று. பழமொழி சொன்னபடி கைவைக்காமல் விட்டால், மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். வெட்டினாலோ, காயத்தின் வழியே நோய் புகுந்து இன்னும் விரைவாகப் பட்டுப்போகலாம். தவறினால் அழிவது ஒருவருடைய சொத்தன்று, ஒரு நகரத்தின் அமானத்.

விடை அந்நகரத்தைச் சுற்றியே இருந்தது. ஹிரோசாகியைச் சுற்றிலும் ஆப்பிள் தோட்டங்கள். ஆப்பிளும் செர்ரியும் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களே. ஒவ்வோர் ஆண்டும் பனி உருகும் முன்னர் ஆப்பிள் உழவர்கள் முதிர்ந்த கிளையை நீக்கி, அதன் இடத்தைப் பிடிக்க இளங்கிளைக்கு வழிவிட்டு, மரத்தின் உட்புறத்திற்கு வெளிச்சம் புகும்படி கவாத்துச் செய்து வந்தனர். அந்தக் கைப்பக்குவத்தைப் பூங்காக்காரர்கள் செர்ரிக்குக் கொண்டுவந்தனர். முதிர்ந்த கிளைகளை அறுத்தனர், காயத்திற்கு மருந்துப் பசை பூசினர், எரு இட்டனர். பழமொழிக்கு நேர் எதிரான செயல் அது. ஆனால் மரங்கள் புதிய தளிர்விட்டு மீண்டன.

இன்று அப்பூங்காவில் ஏறத்தாழ 2,600 செர்ரி மரங்கள் உள்ளன. அவற்றுள் 300க்கும் மேற்பட்ட சொமேய் யோஷினோ மரங்கள் 100 ஆண்டுகளைக் கடந்தவை. பிற இடங்களில் ஒரு மொட்டில் மூன்று நான்கு பூக்கள் மலரும் இம்மரத்தில், அங்கு நான்கு ஐந்து பூக்கள் மலர்வதுண்டு. கிகுச்சி ஆப்பிளையும் செர்ரியையும் ஒரே ஊரில் வளர்த்தபோது, ஒன்றின் கல்வி மற்றொன்றின் உயிரைக் காக்கும் என்று எண்ணியிருப்பாரா? அல்லாஹ் காரணங்களை எங்கெங்கோ விதைத்து எப்போதோ முளைக்கச் செய்கின்றான்.

பல தண்டு மரத்தின் முன்னால்

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, அப்படியானால் வெட்டுவதே சரி என்று முடிவு கட்டினால், நாம் ஒரு பழமொழியைக் கைவிட்டு இன்னொரு பழமொழியைப் பிடித்துக்கொண்டவர்கள் ஆவோம். அப்பூங்காவின் மரக்காவலர்களைச் 'சக்குராமோரி' என்பர். அவர்களுடைய திறமை வெட்டுவதில் இல்லை, எதை வெட்டுவது என்று அறிவதில் இருக்கின்றது.

எடுத்துக்காட்டாக, அடியிலிருந்து பல தண்டுகளாகப் பிரிந்து நிற்கும் செர்ரியை எண்ணிப் பார்ப்போம். முதிய மரங்கள் பல இவ்வாறு நிற்பதுண்டு. ஒற்றைத் தண்டாக்கினால் அழகாயிருக்குமே என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் அரிவாளை எடுக்குமுன் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, அந்தத் தண்டு எங்கிருந்து கிளம்பியது? ஒட்டுக்கட்டிய இடத்திற்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பியது என்றால், அது அந்த மரமே அன்று; வேறு மரம். விட்டால் மேலே உள்ள ஒட்டு மரத்தை அது நலிவித்துவிடும். அதனை இளமையிலேயே நீக்குவது தகும். ஒட்டுக்கு மேலிருந்து கிளம்பியது என்றால், அது அம்மரத்தின் சொந்தப் பிள்ளை. முதிய செர்ரிகளில் தாய்த்தண்டின் உள்பகுதி இற்றுப்போகும்போது, மேலிருந்து புதுவேர்கள் அந்தப் பொந்தினுள்ளே இறங்கி மண்ணைத் தொட்டு மரத்தைத் தாங்குவதும் உண்டு. முதுமையில் பெற்றோரைத் தாங்கும் பிள்ளையைப் போன்ற அவற்றை, உருவம் ஒழுங்காக இல்லை என்று வெட்டினால் மரமே சாய்ந்துவிடும்.

இரண்டாவது, அந்தத் தண்டில் குறை உண்டா? பட்டுப்போனது, நோயுற்றது, மற்றொன்றோடு உரசிப் பட்டையைப் புண்ணாக்குவது ஆகியவை நீக்கத் தக்கவை. செர்ரியில் ஒருவகைப் பூஞ்சை நோய் உண்டு. அது தாக்கிய கிளையில் சிறு குச்சிகள் துடைப்பம் போல் அடர்ந்து, பூவுக்குப் பதில் இலையே தோன்றும். அக்கிளையை விட்டுவைப்பது இரக்கமன்று. நோய் மரம் முழுவதும் பரவும்; அடுத்த மரத்திற்கும் தாவும். அதனை அறுத்து எரித்துவிடுவர்.

மூன்றாவது, காயம் எவ்வளவு பெரிது? தடித்த தண்டை அடியோடு அறுத்தால், அக்காயம் எல்லாத் தண்டுகளும் கூடும் அடிப்பகுதியிலேயே அமைகிறது. அங்குத் தொடங்கும் அழுகல், நாம் காப்பாற்ற எண்ணிய மற்றத் தண்டுகளின் காலடியையும் அரிக்கும். எனவே குறையற்ற தடித்த தண்டை அழகு கருதி மட்டும் அறுப்பதற்கு அறிந்தவர்கள் உடன்படுவதில்லை. நீக்கியே ஆகவேண்டும் என்றாலும் ஒரே நாளில் மொட்டையடிப்பதில்லை. மரத்தின் தழையில் கால்பங்குக்கு மேல் ஒரே முறையில் அகற்றலாகாது என்பது பொது நெறி. ஆண்டுக்குச் சிறிது என்று பகிர்ந்துகொள்வர்.

நான்காவது, காலம் எது? ஹிரோசாகியில் மரம் உறங்கும் குளிர்காலத்தின் இறுதியில், பனியில் நின்றே இப்பணியைச் செய்கின்றனர். இங்கிலாந்திலோ, இலையை வெள்ளி நிறமாக்கும் ஒரு பூஞ்சை நோய் ஈரமும் குளிரும் உள்ள மாதங்களில் காயத்தின் வழியே புகுவதால், செர்ரியைக் கோடையில்தான் கவாத்துச் செய்யச் சொல்கின்றனர். மரம் ஒன்றே, இடம் மாறும்போது முடிவு மாறுகிறது. இடமும் வழக்கும் மாறும்போது தீர்ப்பு மாறக்கூடும் என்று ஃபிக்ஹுக் கலையில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியன்று. மேலும், அடுத்த வசந்தத்தின் பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. எனவே குளிர்காலத்தில் வெட்டுபவர் இந்த ஆண்டின் பூக்களில் ஒரு பங்கை அறிந்தே இழக்கின்றார். நாளைய மரத்திற்காக இன்றைய அழகில் சிறிது விட்டுக்கொடுப்பது அது.

நம் முன்னோரின் வழி

மரத்தின் விஷயத்தில் நம் மார்க்கம் விட்டுச்சென்ற வரலாறும் இத்தகைய நிதானத்தையே கற்பிக்கிறது. கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்திற்குப் படை அனுப்பியபோது, கனி தரும் மரங்களை வெட்டக் கூடாது என்று படைத்தலைவருக்கு அறிவுறுத்தியதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவு செய்துள்ளது. பனூ நளீர் நிகழ்வை அறிந்திருந்தும் அவர்கள் இவ்வாறு கட்டளையிட்டார்கள். ஓர் இடத்தில் ஒரு தேவைக்காக அளிக்கப்பட்ட அனுமதி, எங்கும் எப்போதும் வெட்டுவதற்கான உரிமமாகாது என்பதற்கு இது சான்று.

அழகு மரத்தில்தான் கனி இல்லையே என்று கேட்கலாம். இலந்தை மரத்தை வெட்டுபவருக்குக் கடும் எச்சரிக்கை விடுக்கும் ஹதீஸ் ஒன்று அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அதற்கு இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள் தந்த விளக்கம் கவனிக்கத் தக்கது. வழிப்போக்கரும் கால்நடைகளும் நிழலுக்கு ஒதுங்கும் வெட்டவெளி மரத்தை, உரிமையும் தேவையுமின்றி வீணாக வெட்டுபவரைக் குறித்ததே அவ்வெச்சரிக்கை என்றார்கள். அங்கு எடுத்துக் கூறப்படும் பயன் நிழல், கனி அன்று. சூரத்துந் நம்லில் தன் படைப்பின் சான்றுகளை அடுக்கும்போது, கண்ணுக்கு மகிழ்வூட்டும் தோட்டங்களையும் அல்லாஹ் நினைவூட்டுகின்றான். எனவே நிழலும் அழகும் கணக்கில் வராத பயன்கள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

அனைத்திற்கும் மேலாக, மதீனாவின் பேரீச்சந் தோப்பில் நிகழ்ந்த ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. அன்சாரித் தோழர்கள் ஆண் மரத்தின் பாளையைப் பெண் மரத்தில் சேர்த்து மகரந்தமூட்டுவதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதைச் செய்யாவிட்டால் நலமாயிருக்குமோ என்ற பொருளில் தம் கருத்தைச் சொன்னார்கள். தோழர்கள் விட்டுவிட்டனர், விளைச்சல் குறைந்தது. அதைச் சொன்னபோது, உலகத் தொழில் சார்ந்த இத்தகைய விஷயங்களை அவற்றைச் செய்பவர்களாகிய நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களே ஒரு மரத்தின் விஷயத்தில் தோட்டக்காரரின் அறிவுக்கு உரிய இடம் தந்தார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்?

இந்த ஒழுக்கத்தில் வளர்ந்த சமுதாயம்தான் பிற்காலத்தில் அந்தலுஸில் வேளாண்மையை ஒரு கலையாக வளர்த்தது. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய கிதாபுல் ஃபிலாஹா மண், எரு, ஒட்டுக்கட்டுதல், கவாத்து என்று பெருநூலாக விரிகிறது. மேற்கு அரபு நாடுகளில் செர்ரிப் பழத்தை 'ஹப்புல் முலூக்', அதாவது அரசர்களின் கனிமணி என்று அழைக்கும் வழக்கம் இன்றும் மொராக்கோவில் உயிரோடு இருக்கிறது. பெயரிலேயே மதிப்பு வைத்துப் போற்றிய மரம் அது.

மாணவருக்குச் சொன்ன விடை

இப்போது அந்த மாணவரின் கேள்விக்குத் திரும்புவோம். வெட்டியவரும் சரி, விட்டவரும் சரி என்றால், தவறியவர் யார்? பனூ நளீர் வசனத்தைக் கொண்டு, தகுதியுடையோர் முயன்று எடுக்கும் மாறுபட்ட முடிவுகள் இரண்டும் ஏற்கத்தக்கவையாகலாம் என்று அறிஞர்கள் சிலர் விளக்கியுள்ளனர். முயன்று தீர்ப்பளித்த நீதிபதி சரியாகச் செய்தால் இரு கூலி, பிழைத்தால் ஒரு கூலி என்ற நபிமொழியும் நாம் அறிந்ததே. ஆனால் அந்த ஒரு கூலி, அறிந்து முயன்றவருக்கு உரியது. கோபத்தில் கன்றைப் பிடுங்கியவருக்கும், சோம்பலில் நோயுற்ற கிளையை விட்டுவைத்தவருக்கும் அதில் பங்கில்லை. வெட்டுவது பிழையுமன்று, விடுவது பிழையுமன்று. மரத்தைப் பாராமல், அறிந்தவரைக் கேளாமல் முடிவெடுப்பதே பிழை. அவரிடம் நாம் சொன்ன விடை இதுதான்.

நம் உழவர்கள் மல்லிகைக்கும் முருங்கைக்கும் ஆண்டுதோறும் கவாத்துச் செய்கின்றனர். அது அவர்கள் அறிந்த செடி. ஆனால் பள்ளிவாசல் வளாகத்தில் பல்லாண்டாக நிற்கும் ஒரு வேம்பையோ புங்கையோ, சருகு விழுகிறது, பந்தல் போட இடைஞ்சலாக இருக்கிறது என்று ஒரு முற்பகலில் மொட்டையடித்துவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. வெட்ட ஒரு மணி நேரம் போதும். அந்த நிழல் திரும்ப ஒரு தலைமுறை ஆகும். நிழலை நட்டுவிட்டுப் போனவர் மண்ணறையில் அதன் நன்மையை எதிர்பார்த்துக் கிடக்கிறார். அவருடைய ஸதகாவின் மீது நாம் அரிவாள் வைக்கிறோம் என்ற எண்ணம் ஜமாஅத்தின் மஷூராவில் ஒருமுறையாவது எழ வேண்டும். எழுந்த பின்னர், மரம் அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டி, அவர் வெட்டச் சொன்னால் பிஸ்மில்லாஹ் கூறி வெட்டுவோம். விடச் சொன்னால், அல்ஹம்துலில்லாஹ் என்று அதன் நிழலில் அமர்வோம்.

நாம் நட்டவற்றையும், நமக்காக நடப்பட்டவற்றையும் அறிவோடு பேணும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.